பூச்செடிக்கு வெயில் பார்த்து இடம் தேடுதல்: காவிரிப் படுகை வீடுகளுக்கு ஒரு கையேடு

செம்பருத்தி பூக்கவில்லை, மல்லிகை அரும்பு கட்டவில்லை என்ற பேச்சு வந்தால், எங்கள் பக்கத்தில் யாரும் முதலில் கேட்பது என்ன உரம் வைத்தீர்கள் என்பதுதான். தொழுவுரம், கடலைப் பிண்ணாக்கு, முட்டை ஓடு என்று ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்த பிறகும் செடி இலையாகவே நின்றால், அந்த இடம் ராசியில்லை என்று விட்டுவிடுகிறோம். தஞ்சாவூர், கும்பகோணம், திருவாரூர்ப் பக்கத்து வீட்டுக் கொல்லைகளில் நான் பார்த்த இப்படிப்பட்ட செடிகள் பலவற்றுக்கு மண்ணில் ஒரு குறையும் இல்லை. நட்ட மாதத்தில் அந்த இடத்தில் வெயில் இருந்தது, பூக்க வேண்டிய மாதத்தில் அங்கே வெயில் இல்லை, அவ்வளவுதான் காரணம்.

செடி தன் உணவை வெளிச்சத்தைக் கொண்டு இலையில் தயாரிக்கிறது. வெளிச்சம் குறைந்தால் முதலில் உயிரைக் காத்துக்கொள்ளும், பிறகு கிளையை வெளிச்சத்தை நோக்கி நீட்டும், இவை போக மிச்சமிருந்தால்தான் அரும்பு கட்டும். ஆகையால் நிழலில் நிற்கும் செடி பார்வைக்குப் பச்சைப்பசேலென்று செழிப்பாக இருந்துகொண்டே பூக்காமல் இருக்க முடியும். அந்தச் செழிப்பைப் பார்த்துவிட்டு, செடி நன்றாகத்தானே இருக்கிறது என்று நாம் ஏமாந்துபோகிறோம்.

நம் ஊரில் வெயில் திசை மாறும்

தஞ்சாவூர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 10.8 பாகையில் இருக்கிறது. இந்த அகலாங்கில், ஆண்டில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு ஒன்றேகால் மணி நேரம்தான்: ஜூன் மாதத்தில் பன்னிரண்டே முக்கால் மணி நேரம், டிசம்பரில் பதினொன்றரை மணி நேரம். எனவே பகலின் நீளத்தைப் பற்றி வீட்டுப் பூச்செடி வளர்ப்பவர் பெரும்பாலும் கவலைப்பட வேண்டியதில்லை. மாறுவது வெயில் வந்து விழும் பக்கம். ஏப்ரல் 18-ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 25-ஐ ஒட்டியும் நண்பகலில் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே நிற்கும். நட்டுவைத்த கோலுக்கு அப்போது நிழலே இருக்காது. கும்பகோணத்திலும் மயிலாடுதுறையிலும் நாள் சற்று முன்பின் ஆகும். அந்த இரண்டு நாட்களுக்கு இடைப்பட்ட நான்கு மாதங்களும், அதாவது சித்திரை முதல் வாரத்திலிருந்து ஆவணி இரண்டாம் வாரம் வரை, உச்சிவெயில் வடக்கிலிருந்து விழுகிறது. மற்ற எட்டு மாதங்கள் தெற்கிலிருந்து விழுகிறது.

இதை அடிக்கணக்கில் பார்த்தால் இன்னும் தெளிவாகும். கிழக்கு மேற்காக ஓடும் 10 அடி உயரச் சுவர் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஜூன் பிற்பாதியில் நண்பகலில் அதன் நிழல் தெற்குப் பக்கம் இரண்டேகால் அடி விழும். காலை ஒன்பது மணிக்கும் பிற்பகல் மூன்று மணிக்கும் சுவரிலிருந்து நான்கடி வரை நிழல் இருக்கும். அதே சுவர் டிசம்பர் பிற்பாதியில் வடக்குப் பக்கம் நண்பகலில் ஏறத்தாழ 7 அடிக்கும், காலை மாலையில் 9 அடிக்கும் நிழல் தரும். தெற்குப் பார்த்த வாசலின் சுவரடி ஆனி மாதத்தில் காலை முதல் மாலை வரை நேர் வெயிலே காணாது என்பதை, கடும் கோடையில் நிழல் எங்கே கிடைக்கும் என்று தேடுகிறவர்கள்கூடக் கவனிப்பதில்லை.

எங்கள் வீடு தெற்குப் பார்த்தது. ஒரு தைப் பொங்கலுக்கு மறுவாரம், வாசற்படிக்கு வலப்புறம், சுவரிலிருந்து ஓரடி தள்ளி ஒரு சிவப்பு அடுக்குச் செம்பருத்தியை நட்டேன். மாசியிலும் பங்குனியிலும் நாளுக்கு மூன்று நான்கு பூக்கள் தவறாமல் பூத்தன. வைகாசியில் பூ நின்றது. பச்சை மொக்குகள் சுண்டுவிரல் நுனி அளவு வந்ததும் காம்போடு உதிர்ந்து கிடந்தன. புழு என்று நினைத்து ஒவ்வொன்றாக நகத்தால் பிளந்து பார்த்தேன். உள்ளே இதழ்கள் சுருட்டியபடி சுத்தமாக இருந்தன. பிறகுதான் கிளைகளைப் பார்த்தேன். பங்குனிக்கு முன் வளர்ந்த கிளையில் கணுவுக்குக் கணு கட்டைவிரல் அகலம். அதற்குப் பின் வளர்ந்த பகுதியில் மூன்று விரல் அகலம். செடி முழுவதும் தெருவை நோக்கிச் சாய்ந்திருந்தது. அடுத்த மழைக்காலத்தில் அதிலிருந்து குச்சி வெட்டி, சுவரிலிருந்து ஐந்தடி தள்ளி ஊன்றினேன். மண் அதே மண்தான், தண்ணீரும் அதே தண்ணீர்தான். ஆனால் இந்தச் செடி ஆனியிலும் ஆடியிலும் பூக்கிறது.

வெயிலை அளப்பது எப்படி

இடத்தை முடிவு செய்வதற்கு முன், மேகமில்லாத ஒரு நாளில் காலை ஏழு மணி முதல் மாலை ஐந்து மணி வரை, மணிக்கு ஒரு முறை அந்த இடத்தில் நேர் வெயில் விழுகிறதா என்று பார்த்து ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். செடியின் உச்சி எந்த உயரத்தில் வருமோ அந்த உயரத்துக்கு ஒரு கோலை நட்டு, கோலின் நுனியில் வெயில் படுகிறதா என்று பார்ப்பது தரையைப் பார்ப்பதைவிடச் சரியான முறை. ஏனெனில் தரை நிழலில் இருக்கும்போதே மூன்றடி உயரத்தில் வெயில் படலாம். வடகிழக்குப் பருவமழை நாட்களில் எடுத்த கணக்கை நம்ப வேண்டாம்; ஐப்பசி, கார்த்திகையில் வானம் மூடியே கிடப்பதால் எல்லா இடமும் ஒன்று போலத் தெரியும்.

இந்தக் கணக்கை ஆண்டில் மூன்று முறை எடுப்பது நல்லது: மார்கழியில் மழை ஓய்ந்த ஒரு நாள், பங்குனி நடுவில் ஒரு நாள், ஆனியில் ஒரு நாள். அவ்வளவு காலம் காத்திருக்க இயலாதவர்கள், மேலே சொன்ன சுவர்க் கணக்கைத் தங்கள் சுவரின் உயரத்துக்கு ஏற்பப் பெருக்கிக்கொள்ளலாம்: ஆனியில் நண்பகல் நிழல் சுவர் உயரத்தில் நாலில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு, மார்கழியில் மூன்றில் இரண்டு பங்கு. சன்ஷேடோ தாழ்வாரமோ வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் நிழல் அதன் விளிம்பிலிருந்து தொடங்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். நம் பகுதியில் சூரியன் உச்சிக்கு வருவது கடிகாரத்தில் சரியாகப் பன்னிரண்டு மணிக்கு அல்ல, ஆண்டின் பெரும்பகுதியில் பன்னிரண்டேகாலை ஒட்டித்தான். அந்த நேரத்தில் கோலின் நிழல் காட்டும் கோடே உண்மையான வடக்குத் தெற்கு. தெரு கோணலாக ஓடும் ஊர்களில் வீட்டின் திசையை இப்படி ஒரு முறை சரிபார்த்துக்கொள்வது பயன் தரும்.

மரத்தடி வெளிச்சத்தை அளக்க உள்ளங்கை போதும். தரைக்கு ஓரடி மேலே கையை விரித்துப் பிடியுங்கள். விரல்கள் தனித்தனியாக, வெட்டினாற்போல நிழலில் தெரிந்தால் அது முழு வெயில். கையின் உருவம் தெரிந்து விரல்களின் ஓரம் மங்கினால் அரை நிழல். உருவமே தெரியாமல் ஒரு கருமை மட்டும் இருந்தால் அங்கே பூச்செடிக்கு இடமில்லை.

எந்தப் பக்கத்தில் எந்தச் செடி

குண்டுமல்லி, ரோஜா, அரளி, காகிதப்பூ ஆகியவற்றுக்கு நாளொன்றுக்கு ஆறு மணி நேரத்துக்குக் குறையாத நேர் வெயில் வேண்டும். செம்பருத்தியும் இட்லிப்பூவும் ஐந்து மணி நேரத்தில் நன்றாகப் பூக்கும், நான்கில் சமாளிக்கும். நந்தியாவட்டையும் பவழமல்லியும் மூன்று நான்கு மணி நேர வெயிலில் குறைவின்றிப் பூக்கும். கனகாம்பரம் இலைகளூடே வடிந்து வரும் வெயிலை விரும்பும்.

இந்த மணிக்கணக்கைத் திசையோடும் பூக்கும் பருவத்தோடும் சேர்த்துப் பார்க்க வேண்டும். குண்டுமல்லியையே எடுத்துக்கொள்வோம். நவம்பர் கடைசி வாரத்தில், தரையிலிருந்து ஒன்றரை அடிக்குச் சற்று மேலே விட்டு அதைக் கவாத்து செய்கிறோம். மார்கழியில் அது ஏறத்தாழ வெறும் குச்சியாக ஓய்ந்து நிற்கும். மாசியில் துளிர்த்து, பங்குனியிலிருந்து ஆடி வரை பூத்துக் குவிக்கும். அதாவது வீட்டின் வடக்குப் பக்கம் நிழலில் கிடக்கும் மாதங்களில் செடிக்கு வெயில் அதிகம் தேவையில்லை. வடக்குப் பக்கத்துக்கு வெயில் திரும்பும் மாதங்களில்தான் அதற்கு வெயில் முழுதாக வேண்டும். வடகொல்லை குளிர்ச்சி, அங்கே மல்லிகை வராது என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். சுவரிலிருந்து ஆறேழு அடி தள்ளி நட்டால், மாசி பிறக்கும் முன்பே உச்சிவெயில் செடியை எட்டிவிடும். பங்குனி 8-ஐ ஒட்டிய சம இரவு நாளுக்குப் பின் சூரியன் கிழக்குக்குச் சற்று வடக்கே எழுந்து மேற்குக்குச் சற்று வடக்கே மறைவதால், காலை வெயிலும் மாலை வெயிலும் சேர்ந்து கிடைக்கும். திறந்த வடகொல்லை உள்ள வீட்டில் குண்டுமல்லிக்கு நான் முதலில் பார்க்கும் இடம் அதுதான்.

இதற்கு நேர்மாறானது டிசம்பர் பூ. கார்த்திகை, மார்கழி, தையில் பூக்கும் அந்தச் செடிக்குத் தெற்குச் சுவரோரம் பொருந்தும். பூக்கும் மாதங்களில் அங்கே வெயில் சாய்ந்து உள்ளே வரும், கத்திரியில் சுவரே குடை பிடிக்கும்.

கிழக்குப் பக்கம் பெரும்பாலான பூச்செடிகளுக்கு ஒத்துவரும். இரவில் குளிர்ந்த இலையின் மேல் ஏறுவெயில் படும்போது செடி முழு வேகத்தில் உணவு தயாரிக்கும். பனியும் தூற்றலும் சீக்கிரம் உலர்வதால் இலைப்புள்ளி நோயும் குறையும். ரோஜாவுக்குக் கிழக்கு கிடைத்தால் வேறு இடம் தேட வேண்டாம். மேற்குப் பக்கத்திலும் அதே மணிக்கணக்கில் வெயில் இருக்கும், ஆனால் அது இறங்குவெயில். அதற்குள் தரையும் சுவரும் காற்றும் சூடேறியிருக்கும், சிமென்ட் சுவர் பொழுது சாய்ந்த பிறகும் அனலை உமிழ்ந்துகொண்டிருக்கும். அரளியும் காகிதப்பூவும் இதைத் தாங்கும்; இட்லிப்பூ, வேரடியில் மூடாக்கு இருந்தால் தாங்கும். ரோஜாவையும் கனகாம்பரத்தையும் அங்கே வைக்க வேண்டாம். எதிர்வீட்டுச் சுவர் வெள்ளையடித்ததாக இருந்தால் அதிலிருந்து தெறிக்கும் வெளிச்சத்தையும் கணக்கில் கொள்ளுங்கள்; குறுகிய சந்தில் நிற்கும் நந்தியாவட்டை பல வீடுகளில் அந்தத் தெறிப்பு வெளிச்சத்தின் துணையில்தான் பூக்கிறது.

பழைய வீட்டு முற்றத்தில் செடி வைப்பவர்கள், நாலுபுறமும் கூரை இருப்பதால் காலை மாலை வெயில் அங்கே இறங்காது என்பதை மறக்கக்கூடாது. சிறிய முற்றத்துக்கு உச்சிவெயில் மட்டும்தான்.

தென்னையடியும் கொடிக்காலும்

நம் கொல்லைகளில் தென்னை இல்லாத கொல்லை குறைவு. தென்னையின் நிழல் நாளெல்லாம் நகரும் நிழல். கீற்றுகளின் இடுக்கு வழியே வெயில் துண்டு துண்டாக விழுந்து போகும். இளந்தென்னையின் மட்டைகள் தாழ்வாக இருப்பதால் அதனடியில் வெளிச்சம் மிகக் குறைவு. மரம் உயர உயர, பக்கவாட்டு வெயில் அடியில் நுழையத் தொடங்கும். இருபது இருபத்தைந்து ஆண்டு கடந்த தென்னந்தோப்பில் கனகாம்பரம் நன்றாக வரும். பத்து வயதுத் தோப்பில் வராது.

2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தபோது, எங்கள் உறவினர் வீடு ஒன்றில், ஒரே இரவில் கொல்லையின் தென்னைகள் அத்தனையும் சாய்ந்தன. அடியில் ஒரு பாத்தி கனகாம்பரம் இருந்தது. மழைக்காலம் என்பதால் அப்போது அதற்கு ஒன்றும் ஆகவில்லை. தையில் முன்னைவிட அதிகமாகவே பூத்தது. சித்திரை பிறந்ததும், மேற்குப் பார்த்த இலைகள் முதலில் வெளிறி, பிறகு தேநீர் நிறத்தில் தீய்ந்து, விரலால் தொட்டால் நொறுங்கின. அத்தை சாய்ந்த மரத்தின் கீற்றுகளையே முடைந்து, பாத்திக்கு மேற்கே ஆளுயரப் படலாக நிறுத்தினார். காலை வெயில் தடையின்றிப் பட்டது, இறங்குவெயில் மட்டும் மறைந்தது. பாத்தி பிழைத்தது. பந்தலாக மேலே போட்டிருந்தால் காலை வெயிலும் போயிருக்கும், பூவும் போயிருக்கும். எந்தப் பக்கத்து வெயில் சுடுகிறதோ அந்தப் பக்கத்தை மட்டும் மறைக்க வேண்டும் என்பதை நான் அந்தப் படலைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன்.

நிழலை வேண்டியபோது கூட்டிக் குறைக்கும் கலையை இந்த மண்ணில் நன்கு அறிந்தவர்கள் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருப்பவர்கள். கும்பகோணத்தைச் சுற்றியுள்ள கொடிக்கால்களில், கொடி ஏறுவதற்கு நட்ட அகத்தியே நிழலும் தருகிறது. கோடையில் தழையை விட்டும், வெளிச்சம் குறையும் காலத்தில் கழித்தும், கொடிக்கு வேண்டிய அளவு வெயிலை அவர்கள் உள்ளே விடுகிறார்கள். இதையே வீட்டிலும் செய்யலாம். கனகாம்பரப் பாத்திக்கு மேற்கே ஒரு முருங்கையோ அகத்தியோ இருந்தால், கத்திரி முடியும் வரை தழையைத் தொடாமல் விட்டு, புரட்டாசி முடிவில் கழித்துவிடுங்கள். மழைக்காலத்தில் நிழலும் ஈரமும் சேர்ந்து நின்றால் செடிக்கு நோய்தான் வரும்.

நர்சரிச் செடியை வெயிலுக்குப் பழக்குதல்

நர்சரியில் வாங்கும் செடி பெரும்பாலும் பச்சை நிழல்வலைக்கு அடியில் வளர்ந்தது. நிழலில் விரிந்த இலை மெல்லியது, அகலமானது. அதை நேராக உச்சிவெயிலில் வைத்தால் இரண்டே நாளில் வெந்த கீரை போலாகிவிடும். அந்த இலை பிறகு தடித்து வெயில் இலையாக மாறுவது பெரும்பாலும் நடக்காது. புதிதாக வரும் இலைகள்தான் புது வெளிச்சத்துக்கு ஏற்பப் பிறக்கும். எனவே செடியைத் தொட்டியோடு முதல் மூன்று நாள் ஒன்பது மணி வரை வெயிலில் வையுங்கள், அடுத்த நான்கு நாள் பத்தரை வரை, பிறகு நண்பகல் வரை என்று நீட்டி, இரண்டு வாரத்தில் முழு வெயிலுக்குக் கொண்டுவாருங்கள். இடையில் பழைய இலை சில பழுத்து உதிரும். துளிர் வந்துகொண்டிருந்தால் அதைப் பற்றிக் கவலை வேண்டாம். ஏப்ரல், மே மாதங்களில் வாங்குவதைக் கூடியவரை தவிர்த்து, ஆடிக்குப் பிறகு வாங்குவது என் வழக்கம்.

மே 4-ஐ ஒட்டித் தொடங்கி மே 28-ஐ ஒட்டி முடியும் கத்திரி நாட்களில் முழு வெயில் செடிகளுக்கும் தற்காலிகப் பாதுகாப்பு தேவைப்படலாம். கடையில் நிழல்வலை கேட்டால் 50 அல்லது 75 சதவீத வலையை எடுத்துக் கொடுப்பார்கள். பூச்செடிக்கு 35 சதவீத வலை போதும், அதுவும் பகல் பதினொன்று முதல் நான்கு வரை மறைத்தால் போதும். கத்திரி முடிந்ததும் வலையை அவிழ்த்துவிட வேண்டும். போட்ட வலை ஆவணி வரை கிடந்ததால் மல்லிகை பூக்காமல் போன மாடிகளைப் பார்த்திருக்கிறேன். மாடியில் செடி வைப்பவர்களுக்கு இன்னொன்று: தளத்தின் சூடு தொட்டியின் அடி வழியாக வேருக்கு ஏறும். செங்கல் வைத்துத் தொட்டியைத் தூக்கி, கைப்பிடிச் சுவரிலிருந்து ஓரடி தள்ளி வைத்தால், வெயிலைக் குறைக்காமலேயே சூட்டைக் குறைக்கலாம்.

செடி சொல்லும் அறிகுறிகள்

வெளிச்சம் போதாத செடியில் கணு இடைவெளி நீளும், இலை கரும்பச்சையாகவும் பெரிதாகவும் மெல்லியதாகவும் இருக்கும், கிளை ஒரே பக்கம் சாயும், மொக்கு வந்தாலும் உதிரும். வெயில் மிகுந்த செடியில் இலை சிறுத்து வெளிறும், வெயில் பார்த்த பக்கத்தில் மட்டும் தீய்ந்த திட்டு இருக்கும். தீய்ந்த திட்டு எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இருந்தால் அது வெயிலால் வந்ததாக இருக்காது. உப்புத் தண்ணீரையோ நோயையோ சந்தேகியுங்கள். நண்பகலில் துவண்டு, மாலை ஆறு மணிக்குத் தானே நிமிரும் செடிக்கு உடனே தண்ணீர் ஊற்ற ஓடாதீர்கள். நம் களிமண்ணில் மேல்மண் வெடித்திருந்தாலும் விரற்கடை ஆழத்தில் ஈரம் இருக்கும். தோண்டிப் பார்த்துவிட்டு ஊற்றுங்கள். மாலையிலும் நிமிராமல், மண்ணும் ஈரமாக இருந்தால், வேர் அழுகல் என்று கொள்ள வேண்டும்.

மொக்கு உதிர்வதற்குப் பூச்சியும் காரணமாகலாம். உதிர்ந்த மொக்கைப் பிளந்து பாருங்கள். உள்ளே புழு இருந்தால் இடம் மாற்றிப் பயனில்லை, மொக்குகளைப் பொறுக்கி அழிக்க வேண்டும். சுத்தமாக இருந்து, கணுக்களும் நீண்டிருந்தால், வெளிச்சக் குறைவு என்று உறுதியாக எடுத்துக்கொள்ளலாம்.

இடத்தை மாற்ற முடியாத பெரிய செடிக்கு, இருக்கும் வெளிச்சத்தை உள்ளே இறங்கவிடுவதே வழி. வயதான செம்பருத்தியின் நடுவில் கையை விட்டுப் பாருங்கள். இலையில்லாத வெறும் குச்சிகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டிருக்கும். மழை ஓய்ந்த தை மாதத்தில், உள்நோக்கி வளரும் கிளைகளையும் காய்ந்தவற்றையும் அடியோடு நீக்கி, மற்றவற்றை மூன்றில் ஒரு பங்கு குறைத்துவிடுங்கள். ஒவ்வொரு வெட்டும் வெளிப்பக்கம் பார்த்த கணுவுக்குச் சற்று மேலே விழ வேண்டும், அப்போதுதான் புதுக்கிளை வெளியே விரியும். வெட்டி முடித்த பின், முற்பகல் பத்து மணிக்குச் செடியின் அடிமண்ணைப் பாருங்கள். வெயில் காசு காசாக அங்கே விழுந்திருந்தால் கவாத்து சரி. விழவில்லையென்றால் நடுவிலிருந்து இன்னும் ஒரு கிளையை எடுங்கள்.